லோகநாயகியின் பின்னால் வந்த நாற்காலிகள்

லோகநாயகி ஒரு தரம் உட்கார்ந்து எழுந்த நாற்காலி, அதன்பிறகு அவளை விட்டுப் போகாது. அவள் நடந்தால் அது பின்னால் நடக்கும். சக்கரம் வைத்ததாக இருந்தால் உருளும். ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில், அவள் வீட்டுத் தெருவில் இதை முதலில் பார்த்தவர்கள், தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்துக்கொண்டிருந்த பெண்கள். ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம், லோகநாயகி கைப்பையை இடுக்கிக்கொண்டு தெருவுக்குள் திரும்ப, சற்றுப் பின்னால் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. வேகத்தடைக்கு முன்னால் கொஞ்சம் தயங்கியது. முன்கால்களைத் தூக்கி வைத்து, பிறகு பின்கால்களைத் தூக்கி வைத்து, சமாளித்துக்கொண்டு வந்தது. அதற்குள் லாரி வந்துவிட்டதால் அன்றைக்கு யாரும் அதைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை.

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் இருந்த ஒரு பெரிய ஜவுளிக்கடையில், இரண்டாவது மாடிப் பட்டுப் பிரிவில், இருபது வருடத்துக்கும் மேலாக அவள் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்தாள். மகன் பிறந்து, வளர்ந்து, ஓசூரில் வேலைக்குப் போன பிறகும் நின்றுகொண்டிருந்தாள். சுவரில் சாயக்கூடாது, ஷெல்ஃபில் கை ஊன்றக்கூடாது. மேலே கேமரா இருந்தது. கடைப் பெண்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது, கடைக்காரர்கள் சில ஸ்டூல்களை வாங்கிப் படம் எடுத்துத் தொழிலாளர் துறைக்கு அனுப்பிவிட்டு, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் மேல்மாடி ஸ்டாக் அறையில் அடுக்கினார்கள். லோகநாயகி இதற்காகக் கசந்து போனவள் இல்லை. புடவையை விரித்துப் போடும்போது எதிரே இருக்கும் முகம் மலர்வதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கும். கால் வலியைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவதாக நினைத்துக்கொள்வாள். அது பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிடும்.

அவளோடு அதே பிரிவில் நின்றவள் சுதா. ஆவடி தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், ஒட்டடைக்குச்சி போல உயரம், வாய் சும்மா இருக்காது. அந்த ஆடியில் கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்தாள். தள்ளுபடிக் கூட்டம் சற்று ஓய்ந்த மத்தியான நேரத்தில், ஒரு புடவை மூட்டையின் மேல் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டாள். மாடிப் பொறுப்பாளர் பரந்தாமன் வந்தார். "உக்காரணும்னா வீட்ல போய் உக்காரு. இங்க வேல செய்யறவங்க நிப்பாங்க" என்றார். சுதா கழுத்து அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். லோகநாயகி கையிலிருந்த புடவையை மடித்து முடித்து, ஷெல்ஃபில் அதனிடத்தில் வைத்துவிட்டு, தன் அட்டையையும் கழற்றினாள். "அப்ப நானும் வீட்டுக்கே போறேன் சார்" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

இருவரும் பஸ் நிலையத்தை ஒட்டிய டீக்கடைக்கு வந்தார்கள். லோகநாயகி அங்கிருந்த சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்து, வேலை நாளின் வெளிச்சத்தில், எந்த அவசரமும் இல்லாமல் ஒரு டீ குடித்தாள். எழுந்து பஸ்ஸுக்கு நடந்தபோது நாற்காலியும் எழுந்துகொண்டது. டீக்கடைக்காரர் கத்தினார், அது திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் கண்டக்டர், "உனக்கு ஃப்ரீம்மா. இதுக்கு லக்கேஜ் எடுக்கணும்" என்று டிக்கெட்டைக் கிழித்தார். கூட்டத்தில் ஒரு பெரியவர் அதில் உட்கார்ந்துகொண்டு பருத்திப்பட்டு வரை வந்தார். அவர் இறங்கியதும் அது லோகநாயகியின் பக்கம் நகர்ந்து நின்றது.

அவள் கணவன் கஜபதி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். வீட்டு வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னா லோகா, சேர் ஒண்ணு உன் பின்னாலயே வந்துகினு கீது?"

"டீக்கடையது."

"வாங்குனியா?"

"இல்ல, உக்காந்தேன்."

கஜபதி அதைச் சுற்றி வந்து பார்த்தான். பிறகு தானே அதில் உட்கார்ந்து பார்த்து, "நல்லாத்தான் கீது" என்றான். வேலையை விட்ட செய்தியைக் கேட்டதும், "கால் இன்னா சொல்லுது?" என்று மட்டும் கேட்டான்.

டீக்கடைக்காரர் வந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் அது லோகநாயகி வீட்டு வாசலில் நின்றது. இரண்டாவது தடவையும் அப்படியே ஆனதும் அவர் அதை விட்டுவிட்டார். ஆனால் விஷயம் ஒரு நாற்காலியோடு முடியவில்லை. பல் பிடுங்கப் போன இடத்திலிருந்து ஒரு மடக்கு நாற்காலி வந்தது. நாத்தனார் பேத்தியின் காதுகுத்தில், மண்டபத்து நாற்காலி பந்தியைத் தாண்டி அவளோடு ஆட்டோ வரை வந்தது. வங்கியில் அவள் உட்கார்ந்தது மூன்று இருக்கை சேர்ந்த இரும்பு பெஞ்சு. மற்ற இருவரும் டோக்கன் வந்து எழுந்துபோனதும், அது படியிறங்கி நடைபாதையில் பெரும் ஓசையோடு அவளைத் தொடர்ந்தது. கஜபதி அதைக் கயிறு கட்டி வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் வங்கியில் இறக்கினான். அங்கே பகல் முழுக்க யாராவது உட்கார்ந்திருந்ததால் அது நின்றுவிட்டது. ஆள் இருக்கும் நாற்காலி தங்கிவிடும், காலியாக இருப்பது மட்டும்தான் அவள் பின்னால் வரும் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

தெரிந்து என்ன பயன், லோகநாயகி உட்காருவதையே நிறுத்திவிட்டாள். பஸ்ஸில் சீட் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்து நின்றாள். யார் வீட்டுக்குப் போனாலும் வாசற்படியிலேயே பேசிவிட்டுத் திரும்பினாள். உட்காருவதற்காக வேலையை விட்ட பெண், வேலையில் இருந்ததைவிட அதிகமாக நின்றாள். கணுக்கால்கள் மறுபடி வீங்கின.

இதற்கிடையில் சுதா சும்மா இருக்கவில்லை. கைபேசியில் புடவையைக் காட்டி நேரடியாக விற்பது என்று முடிவு செய்து, அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு எலக்ட்ரிகல் கடைக்கு மேலே ஒரு ஹாலைப் பார்த்துவிட்டாள். ஆரணியிலும் காஞ்சிபுரத்திலும் நெசவு செய்கிறவர்கள் லோகநாயகியை நம்பிப் புடவை அனுப்பத் தயாராக இருந்தார்கள். "முதல்ல நாற்காலி வாங்கணும்க்கா. புடவை அப்புறம்" என்றாள் சுதா. "நம்ம ஆபீஸ்ல ஒருத்தரும் நிக்கக்கூடாது." தொழில் தொடங்குகிறவர்கள் போர்டுக்கும் பூஜைக்கும் அலைவார்கள், இவர்கள் நாற்காலிக்கு அலைந்தார்கள். பாடியில், அம்பத்தூரில், ஆவடியில் என்று ஆபீஸ் சாமான் விற்கும் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினார்கள். சுதா உட்கார்ந்து சுழன்று, சாய்ந்து, எம்பிக் குதித்துப் பார்ப்பாள். லோகநாயகி கைகளைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். சுதாவுக்குப் பொருந்தும் நாற்காலியில் லோகநாயகியின் கால் அந்தரத்தில் தொங்கும் என்பது பார்த்தாலே தெரிந்தது. வகுப்பறை பெஞ்சிலிருந்து கல்யாண மேடை வரை அவள் வாழ்க்கையில் உட்கார்ந்த எந்த இருக்கையிலும் அவள் பாதம் முழுதாகத் தரையைத் தொட்டதில்லை.

பாடி மேம்பாலத்துக்கு அருகே ஒரு ஷோரூமில் இருவருக்கும் சண்டை வந்தது.

"நீ உக்காந்து பாக்காம எப்படிக்கா தெரியும்?"

"உக்காந்தா அது வந்துரும்டி."

"வரட்டுமே, வாங்கத்தானே வந்திருக்கோம்!"

"புடிக்கலன்னா?"

பிடிக்காத ஒன்று காலமெல்லாம் பின்னால் வருவது என்றால் என்ன என்று சுதா கொஞ்சம் அறிந்தவள். கட்டியவனிடமிருந்து பிரிந்து வந்தவள் அவள். இருவரும் பஸ் நிறுத்தம் வரை நடந்தார்கள். அங்கே சுதா சொன்னாள், "கரையான்சாவடில ஒருத்தர் இருக்காராம். ஐ.டி. கம்பெனி பழைய நாற்காலி. கடைசியா அங்க ஒண்ணு பாத்துட்டு விட்டுடலாம்."

அந்த ஒருத்தர் தட்சிணாமூர்த்தி. கரையான்சாவடி மெயின் ரோட்டில் கடை சின்னது. பின்னால் கிடங்கு பெரியது. கொரோனா காலத்தில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கட்டடத்தையும் காலி செய்த கம்பெனிகளின் நாற்காலிகளை எல்லாம் வாங்கிக் குவித்திருந்தார். வாங்குவார் இல்லாமல், ஒன்றின் மேல் ஒன்றாகத் தலைகீழாகக் கூரை வரை அவை ஏறி நின்றன. லோகநாயகி கிடங்கின் வாசலிலேயே நின்று, தன் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட்டாள். தட்சிணாமூர்த்தி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"டீக்கடை நாற்காலி... நீங்கதானாம்மா அது?"

"நான்தான்."

"மங்களம், இங்க வா. அந்தம்மா வந்திருக்காங்க" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் மனைவி மங்களம் மோரோடு வந்தாள். தட்சிணாமூர்த்தி ஒரு துணியை எடுத்து, அருகிலிருந்த நாற்காலியைத் தட்டிக் காட்டினார். "உக்காருங்கம்மா. உங்களுக்குப் புடிச்சதுக்கு மட்டும் பில் போடறேன். மத்தது உங்க பின்னால வந்தா வரட்டும். தலைகீழா கிடக்கறதுக்கு அதுங்களுக்குத்தான் ஆசையா?"

லோகநாயகி அவரைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

அன்று மத்தியானம் முழுவதும் அவள் உட்கார்ந்தாள். அகலமானதில், குறுகியதில், வலை முதுகில், தோல் முதுகில், கைப்பிடி உடைந்ததில், மேலே இழுத்தால் இறங்கவே இறங்காததில் எல்லாம் உட்கார்ந்தாள். தட்சிணாமூர்த்தி இறக்கிக் கொடுக்க, சுதா துடைத்துக் கொடுக்க, மங்களம் ஒவ்வொன்றுக்கும் தன் அபிப்பிராயத்தைச் சொன்னாள். ஒரு நாற்காலி அழுத்தியதும் புஸ்ஸென்று காற்றை விட, லோகநாயகி சிரித்தாள். சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்ததும் அப்படியே செய்ய, கிடங்கே சிரித்தது. இதுவரை நின்ற நேரத்தை எல்லாம் யாரோ சேர்த்துவைத்து அன்றைக்கு மொத்தமாகத் திருப்பித் தந்ததுபோல இருந்தது. கடைசியில், மூலையிலிருந்து ஒரு பச்சைத் துணி நாற்காலியை இழுத்து வந்தார்கள். கைப்பிடி இல்லை, முதுகு சின்னது. எந்த ஆபீஸில் எந்தக் குள்ளமான ஆள் இறக்கி வைத்துக்கொண்டதோ, உட்காரும் பலகை தாழ்ந்திருந்தது. லோகநாயகி அதில் உட்கார்ந்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். சுதா குனிந்து பார்த்தாள். இரண்டு பாதங்களும், குதிகால் முதல் விரல் நுனி வரை, தரையில் இருந்தன. லோகநாயகி செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் பாதங்களைத் தரையில் வைத்தாள். மங்களம் மோர் டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் தோளைத் தொட்டாள்.

சுதா தனக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். புடவையை முழுதாக விரிக்கிற அளவுக்கு நீளமான மீட்டிங் மேசை ஒன்றும் கிடைத்தது. மேசைகளுக்கு இந்தப் பழக்கம் இல்லாததால் அதை ஒரு டாடா ஏஸ் வண்டியில் ஏற்றினார்கள். லோகநாயகி கிடங்கைவிட்டு வெளியே வந்தபோது நாற்காலிகளும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவள் பஸ்ஸில் ஏறாமல் நடந்தாள், சுதாவும் நடந்தாள், தட்சிணாமூர்த்தி ஸ்கூட்டரில் மெதுவாகக் கூட வந்தார். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் வாக்கிங் வந்த ஐ.டி. பையன்கள் சிலர் தாங்கள் வேலை பார்த்த கம்பெனியின் நாற்காலியை அடையாளம் கண்டு, அந்தக் கம்பெனியின் பெயரைச் சொல்லியே அதைக் கூப்பிட்டார்கள். ஆவடி சிக்னலில் எல்லாம் வரிசையாகச் சிவப்புக்கு நின்றன. போக்குவரத்துக் காவலர் ஒருவர் வந்து, "ஊர்வலத்துக்குப் பர்மிஷன் இருக்கா?" என்று கேட்டார்.

"ஊர்வலம் இல்ல சார், டெலிவரி" என்றார் தட்சிணாமூர்த்தி.

காவலர் யோசித்துவிட்டு, இடது ஓரமாகப் போகச் சொன்னார்.

அம்பத்தூர் ஆபீஸ் நன்றாக ஓடியது. லோகநாயகி பச்சை நாற்காலியில் உட்கார்ந்து, மேசையில் புடவையை விரித்து, கைபேசிக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் குடும்பக் கதை பேசிக்கொண்டே விற்றாள். முதல் வாடிக்கையாளர் மங்களம். பெண்ணின் கல்யாணத்துக்கு மொத்தமும் அங்கேதான் எடுத்தாள். புடவையை நீட்டிக்கொண்டே லோகநாயகி பேசும்போது அவள் முகத்தில் எந்த அவசரமும் இல்லை என்று துபாயிலிருந்து வாங்குகிற பெண்கள் சொன்னார்கள். தொல்லை என்று இருந்தது ஒன்றுதான். ஆள் இல்லாத நாற்காலிகள் ஹாலை நிறைத்து, படிக்கட்டை நிறைத்து, மொட்டைமாடியில் துணி காயப்போடும் இடத்தையும் நிறைத்திருந்தன. லோகநாயகி காய்கறி வாங்கப் போனாலும் அத்தனையும் பின்னால் போயின. ஓ.டி. மார்க்கெட்டில் அவளுக்குத் தனியாக வழி விடுவார்கள்.

அடுத்த ஆடி வந்தது. பழைய கடையில் இன்னும் நின்றுகொண்டிருந்த வித்யா, சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியிலிருந்து கைபேசியில் கூப்பிட்டாள். நலம் விசாரித்துவிட்டு, கடைசியில், "கால் வீங்கி செருப்பு ஏற மாட்டேங்குதுக்கா" என்றாள். லோகநாயகி கைபேசியை வைத்துவிட்டு எழுந்தாள்.

"எங்கக்கா?" என்றாள் சுதா.

"பூந்தமல்லி. ஒரு புடவை எடுத்துட்டு வரேன்."

"நம்மகிட்ட இல்லாத புடவையா?"

"வித்யா கையால எடுக்கணும்" என்றாள் லோகநாயகி.

கஜபதி ஷேர் ஆட்டோவை மெதுவாக ஓட்ட, நாற்காலிகள் பின்னால் உருண்டன, நடந்தன. கடை வாசலில் காவலாளி, "சேரெல்லாம் வெளிய வுட்டுட்டு வாம்மா" என்றார். "நான் இட்டாரலண்ணே, அதுங்களா வருது" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். சக்கரம் வைத்தவை வாடிக்கையாளர்களோடு லிஃப்டில் ஏறின, மற்றவை படியேறின. இரண்டாவது மாடியில் தள்ளுபடிக் கூட்டம் நெரிந்தது. நாற்காலிகள் கவுன்டர்களுக்கு உட்புறமாகப் போய், புடவை விரித்துக்கொண்டிருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் பின்னால் ஒன்றாக நின்றன. பெண்கள் அவற்றைப் பார்த்தார்கள், பிறகு கேமராவைப் பார்த்தார்கள். வித்யாவின் பின்னால் நின்றது, அவள் முழங்காலின் பின்பக்கத்தை மெல்ல இடித்தது. வித்யா உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து பக்கத்துப் பெண், அவளைப் பார்த்து அடுத்தவள். அத்தனை பேரும் ஒன்றாக விட்ட மூச்சில், மேலே கொடியில் தொங்கிய புடவைகள் எல்லாம் ஒரு பக்கமாக எழும்பி ஆடின. குளிர்சாதனம் இப்போதுதான் வேலை செய்கிறது என்று ஒரு அம்மாள் சொன்னாள்.

பரந்தாமன் ஓடி வந்தார். "என்ன இதெல்லாம்?"

"புடவை எடுக்க வந்தேன் சார்" என்றாள் லோகநாயகி. அவள் தன் பச்சை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாத்தையும் கூட்டிட்டுக் கிளம்பு."

"நான் சொன்னா கேக்காது சார். கேட்டிருந்தா ஒரு வருஷமா நான் இவ்ளோ பட்டிருக்க மாட்டேன்."

ஒரு நாற்காலி மட்டும் மீதம் இருந்தது. தலை சாய்க்கத் திண்டு வைத்த, உயரமான கறுப்பு நாற்காலி. ஏதோ கம்பெனியின் பெரிய அதிகாரி உட்கார்ந்தது. அம்பத்தூரில் அதில் யாரும் உட்காரத் துணிந்ததில்லை. அது தூணைச் சுற்றிக்கொண்டு வந்து பரந்தாமனுக்குப் பின்னால் நின்றது. பரந்தாமன் லோகநாயகிக்கும் முன்பிருந்தே அந்த மாடியில் நிற்பவர். கால் நரம்பு சுருண்டு போனதால் பேன்ட்டுக்குள் இறுக்கமான காலுறை போட்டிருக்கிறார் என்பது பெண்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்று அவருக்குத் தெரியாது. அவர் நாற்காலியைப் பார்த்தார். "வேணாம்" என்று அதனிடமே சொன்னார். அது நகரவில்லை.

"உக்காருங்க சார்" என்றாள் லோகநாயகி. குரலில் குத்தல் எதுவும் இல்லை. விருந்துக்கு வந்தவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

பரந்தாமன் உட்கார்ந்தார். முதலில் நுனியில், பிறகு முழுதாக. தலையைத் திண்டில் சாய்த்துக் கண்ணை மூடினார். சட்டைப்பையில் கைபேசி அடித்தது. மேலே அறையில் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளி. பரந்தாமன் கண்ணைத் திறக்காமலே பேசினார். "ஆமா சார்... ஆமா... உக்காந்துதான் சார் இருக்கேன்."

லோகநாயகி மாம்பழ நிறத்தில் ஒரு புடவை எடுத்தாள். வித்யா உட்கார்ந்தபடி அதை மடித்துக் கொடுத்தாள். மறுநாள் முதலாளி நாற்காலிகளைச் சரக்கு லிஃப்டில் கீழே இறக்கினார். அவை படியேறி வந்தன. கடையின் ஸ்டாக் அறையில் போட்டுப் பூட்டினார். காலையில் கடை திறக்கும் முன்பே கவுன்டருக்குள் நின்றன. லோகநாயகியின் பின்னால் போகிற எண்ணமே அவற்றுக்கு இல்லை; பகல் முழுக்க உட்கார ஆள் கிடைத்துவிட்டது. அந்தத் தள்ளுபடியில் பட்டுப் பிரிவின் விற்பனை முன்னெப்போதையும்விட நன்றாக இருந்ததால், தீபாவளிக்குள் முதலாளி அதை மறந்துவிட்டார். அந்த நாற்காலிகளுக்கான பில்லைத் தட்சிணாமூர்த்தி ஜவுளிக்கடைக்கு அனுப்பினார், கட்டினார்கள்.

பிறகு மற்ற கடைகளிலிருந்து ஆள் வர ஆரம்பித்தது. ஆவடி மருந்துக் கடைப் பெண்கள் வந்தார்கள், நகைக்கடையிலிருந்து வந்தார்கள், ஒரு சூப்பர் மார்க்கெட்டின் பில் கவுன்டரிலிருந்து மூன்று பேர் சேர்ந்து வந்தார்கள். "அக்கா, எங்க கடைக்கும் ஒரு தரம் வந்துட்டுப் போங்க" என்பார்கள். வியாழக்கிழமை அம்பத்தூர் ஆபீஸுக்கு விடுமுறை. அன்றைக்கு லோகநாயகி கரையான்சாவடிக்குப் போகிறாள். மங்களத்தின் கையால் காபி குடித்துக்கொண்டு, புதிதாக வந்திறங்கிய நாற்காலிகளில் ஒவ்வொன்றாக, ஆற அமர உட்கார்ந்து எழுகிறாள். பிறகு அந்த வாரத்துக் கடையைப் பார்த்து நடக்கிறாள். சிக்னலில் பச்சை விழுந்த பிறகும் லாரிகள் அசைவதில்லை. சக்கரம் ஒன்று போன கடைசி நாற்காலி, சாலையை நொண்டிக் கடந்து அந்தப் பக்கத்து நடைபாதையில் ஏறும் வரை, ஓட்டுநர்கள் கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.